தாம்ஸன் துப்பாக்கியின் வட்டப் பெட்டி



1972ஆம் ஆண்டில் நான் ஏழாம் வகுப்பு மாணவன். எங்களுக்குத் தேகப்பயிற்சி ஆசிரியராக வாய்த்தவர், இரண்டாம் உலகப் போரில் பர்மாப் போர்முனையைக் கண்டு திரும்பிய பெரியவர். அவ்வாண்டு எங்கள் ஊர்க் கொட்டகைக்கு ஓர் ஆங்கிலப் படம் வந்தது. சுவரொட்டியில் தொப்பியும் கோட்டும் அணிந்த ஒருவன், அடியில் வட்டமான பெட்டி பொருத்திய துப்பாக்கியைத் தாங்கி நின்றான். நாங்கள் அதனை வியந்து பேசிக்கொண்டிருந்ததைக் கேட்ட ஆசிரியர் சிரித்தார். "இதே துப்பாக்கியை நான் சுமந்திருக்கிறேன், தம்பி. எங்களுடையதில் இந்த வட்டப் பெட்டி கிடையாது, நீட்டுப் பெட்டிதான். இந்த வட்டத்தைத் தூக்கிக்கொண்டு காட்டுக்குள் நடந்தால் கிலுகிலுப்பை ஆட்டிக்கொண்டு போவது போல இருக்கும்" என்றார். ஒரே துப்பாக்கிக்கு இருவகைப் பெட்டி எதற்கு, சார் என்று கேட்டேன். அதற்குள் மணி அடித்துவிட்டது.

அவ்வினாவுக்கு முழு விடை கிடைக்க எனக்கு நாற்பது ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. அதனைக் கொண்டுவந்து சேர்த்தவர் என் மாணாக்கர் ஒருவர். அவர் இப்போது அமெரிக்காவில் ஒரு சிறிய அருங்காட்சியகத்தில் பொருள்களைப் பேணும் பணியில் இருக்கிறார். சில ஆண்டுகளுக்கு முன் அவர் எழுதிய கடிதத்தின் சாரம் இதுதான்: "ஐயா, எங்கள் நிலையத்தில் 1928ஆம் ஆண்டு வகையைச் சேர்ந்த தாம்ஸன் துப்பாக்கி ஒன்று உள்ளது. அதன் வட்டப் பெட்டி எப்போதோ தொலைந்துவிட்டது. புதிதாகச் செய்த நகல் ஒன்றை வாங்கிப் பொருத்தலாம் என்கிறார்கள் நிர்வாகத்தினர். எதைத் தேர்ந்தெடுப்பது என்று எனக்கு மலைப்பாக இருக்கிறது. தங்களிடம் கேட்பதற்குக் காரணம் தங்களுக்கே தெரியும்."

காரணம் எனக்குத் தெரியும். அதனைப் பின்னர்ச் சொல்லுகிறேன். முதலில் பொருளை அறிந்துகொள்வோம்.

ஜான் தாம்ஸன் என்பவர் அமெரிக்கப் படையின் தளவாடப் பிரிவில் உயர் பதவி வகித்தவர். முதல் உலகப் போரில் பதுங்குகுழிகளில் நின்று போரிட்ட வீரனுக்கு, ஓராளே தூக்கிக்கொண்டு ஓடத்தக்க, விரைந்து சுடும் சிறு ஆயுதம் வேண்டும் என்று அவர் கருதினார். 1916இல் ஒரு நிறுவனத்தை அமைத்து, பொறியியலறிஞர் சிலரைக் கொண்டு முயன்றார். 1918இல் உருவான முதல் மாதிரி, துணிப்பட்டையில் கோத்த தோட்டாக்களை உட்கொண்டது. அது சரிவர இயங்கவில்லை. எனவே பட்டையைக் கைவிட்டுப் பெட்டிக்கு வந்தார்கள். அதற்குள் 1918 நவம்பர் 11இல் போர் முடிந்துவிட்டது. எந்தப் போருக்காகச் செய்யப்பட்டதோ அந்தப் போரைக் காணாமலே பிறந்த துப்பாக்கி இது. 1921இல் கோல்ட் நிறுவனத்தாரைக் கொண்டு 15,000 துப்பாக்கிகள் செய்வித்தனர். ஒன்றின் விலை சுமார் 200 டாலர். வாங்குவாரின்றிப் பெரும்பகுதி பல ஆண்டுகள் கிடங்கிலேயே கிடந்தது.

இத்துப்பாக்கிக்கு ஏற்பட்ட தோட்டாப் பெட்டிகளின் பெயர்களைக் கேட்டால் உங்களுக்கு வேடிக்கையாக இருக்கும். இருபது தோட்டா கொள்ளும் நீட்டுப் பெட்டிக்கு 'எக்ஸ் எக்ஸ்' என்று பெயர். ஐம்பது கொள்ளும் வட்டப் பெட்டிக்கு 'எல்'. நூறு கொள்ளும் பெரிய வட்டப் பெட்டிக்கு 'சி'. ரோமானிய எண்களைப் படித்த மாணவர்கள் இதற்குள் புன்னகை புரிந்திருப்பீர்கள். எண்ணே பெயராக அமைந்துவிட்டது.

ஐம்பது தோட்டாக்களை ஏன் வட்டமாக அடுக்க வேண்டும்? கணக்குப் போட்டுப் பாருங்கள். இத்துப்பாக்கியின் தோட்டா ஏறக்குறைய 12 மில்லிமீட்டர் குறுக்களவு உடையது. ஐம்பதை ஒன்றன்மேல் ஒன்றாக ஒற்றை வரிசையில் அடுக்கினால் 600 மில்லிமீட்டர், அதாவது இரண்டடி உயரம் வரும். இரண்டு வரிசையாக மாற்றி மாற்றி அடுக்கினாலும் ஓரடியளவு நிற்கும். துப்பாக்கியின் அடியில் அவ்வளவு நீளம் தொங்கினால் வீரன் தரையோடு படுத்துச் சுடுவது எவ்வாறு? ஆகவே அந்த இரண்டடி வரிசையைப் பாயைச் சுருட்டுவது போலச் சுருட்டி ஒரு தட்டையான டப்பாவுக்குள் வைத்தார்கள். இதுதான் வட்டப் பெட்டியின் அடிப்படை. ஆங்கிலத்தில் இதனை 'டிரம் மாகஸின்' என்பர்.

சுருட்டி வைத்ததை வெளியே தள்ளுவதற்கு ஒரு விசை வேண்டும். நீட்டுப் பெட்டியில் அடியிலுள்ள வில் தோட்டாக்களை மேல்நோக்கி நேராகத் தள்ளிவிடும். வட்டப் பெட்டியில் நடுவே பல கைகள் கொண்ட சுழலி ஒன்று உண்டு. கைகளுக்கிடையே உள்ள இடைவெளிகளில் தோட்டாக்கள் நிற்கின்றன. பெட்டியின் உட்புறத்தில் நத்தை ஓட்டின் வரிபோலச் சுருள்பாதை அமைந்திருக்கிறது. சுழலி திரும்பத் திரும்பத் தோட்டாக்கள் அப்பாதை வழியே நகர்ந்து, ஒவ்வொன்றாக வாயிலுக்கு வருகின்றன. சுழலியைத் திருப்புவது, பழைய சுவர்க்கடிகாரத்தில் இருப்பது போன்ற தட்டையான எஃகுச் சுருள்வில். அதற்குச் சாவி கொடுக்க வேண்டும். சாவியைத் திருப்புகையில் 'டக், டக்' என்று ஒலி எழும். எத்தனை ஒலி எழும் வரையில் திருப்பலாம் என்பது பெட்டியின் முகத்திலேயே பொறிக்கப்பட்டிருக்கும்.

அந்த எண்ணிக்கையின் காரணத்தை எங்கள் பள்ளிக் கடிகாரமே எனக்குக் கற்பித்தது. திங்கட்கிழமைதோறும் பியூன் அதற்குச் சாவி கொடுப்பார். வாரத் தொடக்கத்தில் சுறுசுறுப்பாக ஓடும் அக்கடிகாரம், வெள்ளி மாலைக்குள் சோர்ந்துவிடும். சுருள்வில் இறுக்கமாக இருக்கையில் விசை மிகுதி. தளரத் தளர விசை குறைவு. கடிகாரம் சோர்ந்தால் பிள்ளைகளுக்குச் சிறிது நேரம் கூடுதலாகப் பாடம் நடக்கும், அவ்வளவே. வட்டப் பெட்டியின் வில் சோர்ந்தால் கடைசித் தோட்டாக்கள் வாயிலுக்கு வாரா. அளவுக்கு மேல் முறுக்கினாலோ வில் கெடும். ஆகவே, கடைசித் தோட்டாவையும் தள்ளுமளவு முன்கூட்டியே விசை ஏற்ற வேண்டும். அதற்கு மேல் ஏற்றலாகாது.

இவ்வளவு நுட்பமான அமைப்பைப் படைகள் ஏன் கைவிட்டன? என் ஆசிரியர் சொன்ன கிலுகிலுப்பைதான் முதற் காரணம். வட்டப் பெட்டிக்குள் தோட்டாக்கள் சிறிது அசைந்து ஒலிக்கும். இரவில் பகைவனின் அருகே பதுங்கிச் செல்பவனுக்கு அவ்வொலியே எமன். அடுத்தது எடை. ஒரு தோட்டா ஏறத்தாழ 21 கிராம். ஐம்பது தோட்டாக்கள் ஒரு கிலோகிராமுக்கு மேல். நூறு தோட்டாக்கள் இரண்டு கிலோகிராமுக்கு மேல். பெட்டியின் இரும்பு எடை வேறு. துப்பாக்கியோ வெறுமனே ஐந்து கிலோகிராம் அளவுடையது. நிமிடத்திற்குச் சுமார் 600 தோட்டா வீதம் சுடும் கருவியில் ஐம்பது தோட்டாக்கள் ஐந்தே நொடியில் தீர்ந்துபோகும். தீர்ந்த பெட்டியை மாற்றுவதும் எளிதன்று. நீட்டுப் பெட்டியைக் கீழிருந்து மேலே செருகிவிடலாம். வட்டப் பெட்டியை, துப்பாக்கியின் உடலில் வெட்டியுள்ள காடிகளில் பக்கவாட்டாக நுழைக்க வேண்டும். மறுபடி தோட்டா நிரப்புவதானால் சாவியைக் கழற்றி, மூடியைத் திறந்து, ஒவ்வொன்றாக நிறுத்தி, மூடி, முறுக்க வேண்டும். மழையிலும் சேற்றிலும் நிற்பவனுக்கு இஃது ஆகுமா?

1940 ஜூலை 31ஆம் நாள் இங்கிலாந்தின் ஹார்ட்டில்பூல் கடற்கரைக் காவலைப் பார்வையிட்ட பிரதமர் சர்ச்சில், வட்டப் பெட்டி பொருத்திய தாம்ஸன் துப்பாக்கியைக் கையில் ஏந்திப் படம் எடுத்துக்கொண்டார். வாயில் சுருட்டு வேறு. எதிரிகள் அந்தப் படத்தையே அச்சிட்டு, 'பாருங்கள், இவர் ஒரு கொள்ளைக்கூட்டத் தலைவர்' என்று பரப்புரை செய்தார்கள். அதற்குக் காரணம் இருந்தது. 1920களில் சிக்காகோ நகரத்து மதுக்கடத்தல் கூட்டத்தார் இத்துப்பாக்கியைக் கையாண்டு அதற்குத் தீராப் பழியைத் தேடித் தந்திருந்தனர். 1929 பிப்ரவரி 14இல் ஏழு பேரைச் சுவரோரம் நிறுத்திச் சுட்டுக் கொன்ற கொடுமையில் பயன்பட்டவற்றுள் இரண்டு இவ்வகைத் துப்பாக்கிகளே. வட்டப் பெட்டியைக் கண்டவுடன் மக்கள் மனத்தில் எழுவது அந்தச் சித்திரந்தான். திரைப்படக்காரர்களும் அதனை விடவில்லை.

போர் வீரர்களோ விரைவில் வட்டத்தை விட்டு நீட்டுப் பெட்டிக்கு மாறினார்கள். 1942இல் அமெரிக்கப் படை ஏற்றுக்கொண்ட 'எம் ஒன்று' என்னும் எளிய வடிவத்தில் வட்டப் பெட்டி நுழைவதற்கான காடிகளே இல்லை. முப்பது தோட்டா கொள்ளும் நீட்டுப் பெட்டி வந்தது. பர்மாவிலும் இத்தாலியிலும் போரிட்ட இந்தியச் சிப்பாய்கள் பலருடைய கைகளில் இத்துப்பாக்கி இருந்தது. என் ஆசிரியர் சுமந்ததும் அதுவே.

இனி என் மாணாக்கரின் சிக்கலுக்கு வருகிறேன்.

வட்டப் பெட்டிக்கு நகல் செய்ய வேண்டிய தேவை எங்கிருந்து வந்தது? 1934இல் அமெரிக்க அரசு, தானே தொடர்ந்து சுடும் துப்பாக்கிகளைப் பதிவு செய்ய வேண்டும், கைமாற்றும்போது 200 டாலர் வரி செலுத்த வேண்டும் என்று சட்டம் இயற்றியது. துப்பாக்கியின் விலையளவு வரி! 1986இல் வந்த மற்றொரு சட்டம், குடிமக்கள் பெயரில் புதிய இயந்திரத் துப்பாக்கிகளைப் பதிவதையே நிறுத்திவிட்டது. அதன்பின் பழையனவற்றின் எண்ணிக்கை கூட வழியில்லை. விலை மட்டும் ஏறிக்கொண்டே போயிற்று. துப்பாக்கியின் விலை ஏறினால் அதன் உறுப்புகளின் விலையும் ஏறத்தானே செய்யும்? பழைய வட்டப் பெட்டி ஒன்றின் விலை எளியோருக்கு எட்டாததாயிற்று. அங்கே நகல் செய்வோர் தோன்றினர். நேர்மையானவரும் தோன்றினர், மற்றவரும் தோன்றினர்.

என் மாணாக்கரின் முன் நான்கு வழிகள் இருந்தன. பெருவிலை கொடுத்துப் பழைய 'எல்' பெட்டி ஒன்றை வாங்கலாம். புதிதாகச் செய்த 'எல்' நகலை வாங்கலாம். நிர்வாகத்தினர் விரும்பியபடி, பார்ப்போர் வாய்பிளக்கும் வண்ணம் நூறு தோட்டாப் பெட்டியின் நகலை வாங்கலாம். உள்ளே ஒன்றுமில்லாத வெற்று ஓட்டை வாங்கித் தோற்றத்துக்கு மட்டும் மாட்டிவிடலாம்.

நான் உடனே எழுதிய விடை, வெற்று ஓடே போதும் என்பது. கண்ணாடிப் பேழைக்குள் இருக்கும் பொருளுக்கு உள்ளுறுப்பு எதற்கு? ஆயுதத்தின் ஆற்றலை நாம் ஏன் கூட்ட வேண்டும்? இவ்வாறு நியாயமும் எழுதினேன். அவர் அதனை மறுத்தார். "ஐயா, வெற்று ஓட்டைப் பார்த்து மாணவர் என்ன கற்பர்? உள்ளே இருக்கும் வில்லும் சுழலியும்தானே இதன் அறிவு?" என்று கேட்டார். முப்பதாண்டு ஆசிரியப் பணி புரிந்தவனுக்கு அவர் பாடம் நடத்தினார். நான் ஏற்றுக்கொண்டேன்.

பழைய பெட்டியைப் பற்றி அவர் கூறியது இன்னும் நுட்பமானது. எங்கோ யாரிடமோ இருந்த பழைய பெட்டியை வாங்கி இத்துப்பாக்கியில் மாட்டினால், பெட்டியும் உண்மை, துப்பாக்கியும் உண்மை. ஆனால் இரண்டும் சேர்ந்து சொல்லும் கதை பொய். இவையிரண்டும் ஒன்றாக இருந்தவை என்று பார்ப்பவர் எண்ணுவர். நகலாயின், அது நகல் என்று எழுதி வைத்துவிடலாம்.

நூறு தோட்டாப் பெட்டியின் சிக்கலைத் தீர்த்தது ஒரு பழைய காகிதம். அத்துப்பாக்கி ஒரு சிற்றூர்க் காவல் துறையிலிருந்து வந்தது. அத்துறையின் பழைய பதிவேட்டைத் தேடிப் பார்த்ததில், துப்பாக்கியோடு இருபது தோட்டா நீட்டுப் பெட்டிகள் நான்கும், ஐம்பது தோட்டா வட்டப் பெட்டி ஒன்றும் வாங்கியதாக வரி இருந்தது. நூறு தோட்டாப் பெட்டி அங்கே ஒருபோதும் இருந்ததில்லை. இதை வைத்துக்கொண்டு நிர்வாகத்தினரோடு அவர் வாதாட வேண்டியிருந்தது. கூட்டம் வருவதற்குப் பெரிய பெட்டி உதவும் என்று அவர்கள் சொன்னார்கள். காவல் துறை வாங்காத பொருளை நாம் வாங்கி அதன் தலையில் கட்டலாகாது என்று இவர் சொன்னார். இறுதியில் பதிவேடு வென்றது. அரும்பொருள்களைக் கையாள்வோர் பொருளைப் பார்ப்பதற்கு முன் காகிதத்தைப் பார்க்க வேண்டும் என்பது என் எண்ணம். ஆனால் காகிதம் அழகாக இல்லாததால் அதனை முதலில் எறிந்துவிடுகிறோம்.

எந்த நகல் என்பதில் அவர் கவனித்தவற்றைச் சொல்லுகிறேன். வேறு பொருள்களின் நகல்களை மதிப்பிடவும் இவை உதவும்.

துப்பாக்கியின் உடலில் பொறித்துள்ள ஆண்டை அவர் முதலில் ஆராய்ந்தார். 1921இல் செய்து விற்காமல் கிடந்த துப்பாக்கிகள் பலவற்றில், சுடும் வேகத்தைக் குறைக்கும் மாறுதலைச் செய்து, '1921' என்பதன் கடைசி '1' மீது '8' என்று அடித்து, '1928' ஆக்கி விற்றார்கள். உருப்பெருக்கிக் கண்ணாடி வைத்துப் பார்த்தால், எட்டுக்கு அடியில் ஒன்று ஒளிந்திருப்பது தெரியும். இவருடையதும் அத்தகையதே. இவ்வகைகளில் வட்டப் பெட்டிக்குரிய காடிகள் உண்டு. 'எம் ஒன்று' வகையாயிருந்தால் பேச்சுக்கே இடமில்லை. பிற்காலத்தில், விசையை ஒருமுறை அழுத்தினால் ஒரே தோட்டா சுடும்படி, தாம்ஸன் தோற்றத்திலேயே குடிமக்களுக்கென்று செய்த துப்பாக்கிகளும் உள்ளன. பெயர் ஒன்றாக இருப்பதால் அளவும் ஒன்றாக இருக்கும் என்று கொள்ளலாகாது. எந்தத் துப்பாக்கியோ அதிலேயே வைத்துப் பார்க்க வேண்டும். காடியில் தானாக வழுக்கிச் செல்ல வேண்டும். தட்டியும் அராவியும் நுழைக்கும் நிலை வந்தால், அராவப்படுவது நகலின் விளிம்பாக இருக்கலாமே அன்றிப் பழைய துப்பாக்கியின் காடியாக இருக்கவே கூடாது. இதில் அவர் மிகக் கண்டிப்பாக இருந்தார்.

இங்கே ஒரு கிளைக் கதை. சோவியத் நாட்டில் ஷ்பாகின் என்னும் அறிஞர் வகுத்து, 1940 டிசம்பரில் படை ஏற்றுக்கொண்ட துப்பாக்கி ஒன்று உண்டு. இலட்சக்கணக்கில் செய்தார்கள். அதற்கும் 71 தோட்டா கொள்ளும் வட்டப் பெட்டியே. அண்டை நாடான பின்லாந்தின் 'சுவோமி' துப்பாக்கியிலிருந்து கற்றுக்கொண்ட வடிவம் அது. 1939–40 குளிர்காலப் போரில் அப்பெட்டியின் பயனைப் பகைவராய் நின்று பார்த்துத் தெரிந்துகொண்டார்கள். போர்க்கால அவசரத்தில் செய்த அப்பெட்டிகள் அச்சில் வார்த்தாற்போல ஒன்றுக்கொன்று ஒத்திருக்கவில்லை. குறிப்பிட்ட துப்பாக்கிக்குக் குறிப்பிட்ட பெட்டியைக் கையால் இழைத்துப் பொருத்திக் கொடுக்க வேண்டியிருந்தது. ஒருவனுடைய பெட்டி மற்றவனுடைய துப்பாக்கியில் சரியாக அமராது. போர்க்களத்தில் இஃது எத்துணை இடர் என்று எண்ணுங்கள்! 1942இல் அவர்களும் 35 தோட்டா கொள்ளும் நீட்டுப் பெட்டியைச் செய்யத் தொடங்கினார்கள். எந்த உறுப்பை எடுத்து எதில் வைத்தாலும் பொருந்த வேண்டும் என்னும் தொழிற்சாலை நெறி வகுப்பறையில் எளிதாகத் தோன்றும். பட்டறையில் அதன் அருமை தெரியும்.

மீண்டும் நகலுக்கு வருவோம். மூடியைத் திறந்து சுழலியை விரலால் திருப்பினார். எங்கும் தட்டாமல் திரும்புகிறதா, சுருள்பாதையின் விளிம்பு கூராக நிற்கிறதா, தகடு அழுத்தினால் உள்வாங்குகிறதா என்று பார்த்தார். மெல்லிய தகட்டில் செய்த நகல் ஒன்று, மூடியை மாட்டியதும் சுழலியை இறுக்கிப் பிடித்துக்கொண்டது. அது பார்வைக்கு மிக அழகானது, தள்ளிவிட்டார். மேற்பூச்சில் அவர் அதிகம் தயங்கவில்லை. பழைய பெட்டிகளின் எஃகு நீலமெருகு ஏற்றப்பட்டது. நகல்களில் சில கறுப்பு வண்ணம் பூசப்பட்டவை. நீலமெருகு கிடைத்தால் நன்று, கிடைக்காவிட்டால் குடி முழுகிப்போவதில்லை என்று எழுதினார்.

அவர் விட்டுக்கொடுக்காத ஒன்று, முகத்தில் இருக்கும் எழுத்து. பழைய பெட்டிகளில் செய்தவர் பெயரும் முறுக்கும் குறிப்பும் பொறிக்கப்பட்டிருக்கும். நல்ல நகலில் இக்காலத்தில் அதனைச் செய்தவர் தம் பெயரையே பொறித்திருப்பார். மற்றொரு நகலில் பழைய நிறுவனத்தின் பெயரும் குறிகளும் எழுத்துக்கு எழுத்து அப்படியே இருந்தன. செய்நேர்த்தியில் பின்னதே சிறந்தது. விலையும் சற்றுக் குறைவு. அவர் முன்னதையே வாங்கினார். "ஐயா, நாங்கள் எழுதி வைக்கும் அட்டை ஒருநாள் கிழிந்துபோகும். அடுத்து வருபவருக்கு இரும்பு ஒன்றுதான் சாட்சி" என்பது அவருடைய சொல்.

இப்போது, என்னிடம் அவர் கேட்டதன் காரணம். நான் தலைமையாசிரியனாக இருந்தபோது பள்ளியில் ஒரு சிறு வரலாற்று அறை அமைத்தேன். கரூர்ப் பகுதியில் ரோமானியக் காசுகள் கிடைத்துள்ளன அல்லவா? அத்தகைய காசு ஒன்றின் நகலை, ஈயத்தில் வார்த்துப் பொன்முலாம் பூசியது, ஒருவர் அன்பளிப்பாகத் தந்தார். அதனைப் பட்டுத்துணியில் வைத்து, 'ரோமானியப் பொற்காசு' என்று அட்டை எழுதினேன். 'நகல்' என்னும் சொல்லை எழுதவில்லை. மறந்துவிட்டேன் என்று நெடுநாள் எனக்கே சொல்லிக்கொண்டிருந்தேன். உண்மையில், எழுதினால் அறையின் மதிப்புக் குறையும் என்று தோன்றியது. ஒன்பதாம் வகுப்பு மாணவர் ஒருவர் அக்காசைப் பற்றி மாவட்டக் கட்டுரைப் போட்டிக்கு எழுதினார். நடுவர் ஒருவர் ஆவலோடு அதனைக் காண வந்தார். கையில் எடுத்ததும் எடை பார்த்தே தெரிந்துகொண்டார். என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை. கட்டுரை எழுதிய சிறுவனைப் பார்த்துச் சிரித்தார். நாற்பது பிள்ளைகள் நின்றிருந்தார்கள். அச்சிறுவனின் முகம் கறுத்ததை நான் பார்த்தேன். அவரே இன்று அருங்காட்சியகத்தில் பணி புரிபவர். அந்நாளைப் பற்றி அவர் ஒருமுறையும் என்னைக் குறை கூறியதில்லை. அக்கடிதத்தில் எழுதிய 'காரணம் தங்களுக்கே தெரியும்' என்னும் தொடர்தான், இத்தனை ஆண்டுகளில் அவர் அதைத் தொட்ட ஒரே இடம்.

இதைக் கேட்டுவிட்டு உங்களில் எவரேனும் அஞ்சல் வழியாக இத்தகைய பெட்டி ஒன்றை வரவழைக்க எண்ணினால், வேண்டாம். நம் நாட்டின் 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தில் ஆயுதம் என்னும் சொல் அதன் உறுப்புகளையும் தழுவும். அமெரிக்காவிலும் இது மாநிலத்துக்கு மாநிலம் வேறுபடும். 1994 முதல் 2004 வரை, பத்துக்கு மேற்பட்ட தோட்டா கொள்ளும் புதிய பெட்டிகளை நாடு முழுவதும் குடிமக்களுக்குத் தடை செய்திருந்தார்கள். அத்தடை காலாவதியான பின்னும் சில மாநிலங்கள் தத்தம் தடையை வைத்திருக்கின்றன. என் மாணாக்கரும் தம் மாநிலச் சட்டத்தைப் படித்த பிறகே பணம் செலுத்தினார்.

பெட்டியை அவர்கள் துப்பாக்கியில் மாட்டவில்லை. கண்ணாடிப் பேழைக்குள் துப்பாக்கி நீட்டுப் பெட்டியோடு கிடக்கிறது. வட்டப் பெட்டி, மூடி திறந்த நிலையில், வெளியே ஒரு மேசைமேல் இருக்கிறது. 'நகல்' என்னும் சொல்லும் அது செய்யப்பட்ட ஆண்டும் அட்டையின் முதல் வரியில் உள்ளன. தோட்டாக்களுக்குப் பதிலாக மரக்குச்சிகளைக் கடைந்து அடுக்கியிருக்கிறார். நகல் என்பதால் பிள்ளைகள் அதைத் தொடலாம், சாவியைத் திருப்பலாம். பள்ளிகளிலிருந்து வரும் குழந்தைகள் வரிசையில் நின்று முறுக்குவதாகவும், 'டக், டக்' என்று உரக்க எண்ணுவதாகவும், குறித்த எண்ணிக்கை வந்ததும் காவலர் கையைப் பிடித்து நிறுத்த வேண்டியிருப்பதாகவும் எழுதியிருந்தார். ஆண்டுக்கு ஒருமுறை வில்லை மாற்ற நேரும் என்று தனியே ஒரு வரி. அதற்காக இன்னொரு நகலையும் வாங்கி வைத்திருக்கிறாராம்.